விரதத்தன்று எடுத்த ஸ்கேன்

குடிக்கிறாளாம்! நான்! அதையும் யாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள் என்கிறாய், கீழே வாட்ச்மேனிடம். மூன்றாம் மாடிக்காரிதான், வேறு யார். ஆறாவது மாடி மதராசிக் கிழவிக்கு லிவர் போய்விட்டது, வீட்டுக்குள்ளேயே ஊற்றிக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று. வாட்ச்மேன் நல்ல மனிதன், பீகார்க்காரன். மறுநாள் நான் கொத்தமல்லி வாங்க இறங்கினேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, பார்த்து வாங்க மாஜி, பார்த்து வாங்க என்கிறான். தள்ளாடுகிறேனா என்று பார்த்திருக்கிறான்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் மருமகளுக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"நீங்க சிரிக்காதீங்க அத்தே. நாளைக்கு சொசைட்டி மீட்டிங்ல எல்லாரும் நம்மளப் பாத்துப் பேசுவாவ."

"பேசட்டும்ட்டி. எந்தக் கடைன்னு கேட்டா, தாராவியில பழைய கடைதான், எங்களுக்குக் கணக்கு உண்டுன்னு சொல்லிரு."

அவளும் சிரித்துவிட்டாள். நீ இந்தக் கட்டடத்துக்குப் புதுசு, அதனால் காதில் விழுந்ததைக் கேட்க வந்திருக்கிறாய். நல்லதுதான், மூன்றாம் மாடியில் கேட்பதற்கு என்னிடமே கேட்கலாம். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். நான் இந்தக் கீரையை ஆய்ந்துகொண்டே சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் நெருளில் ஒரு கல்யாணம். என் தம்பி மகள் வழியில் சொந்தம். கல்யாணச் சாப்பாடு எப்படியிருந்தது என்று கேட்காதே, பேச்சு அங்கேயே நின்றுவிடும். வீட்டுக்கு வந்த ராத்திரி வலது விலாவுக்குக் கீழே ஒரு இழுப்பு. மறுநாளும் இருந்தது. என் மகன் திலக் நகர் டாக்டரிடம் கூட்டிப்போனான். பித்தப்பையில் கல் இருக்கும் என்று அவர் வயிற்றுக்கு சோனோகிராஃபி எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். கல் இல்லை. ஈரலில் கொழுப்பு இருக்கிறதாம். என் மாமியார் இருந்த காலத்தில் இருந்தே எனக்குக் கொழுப்பு என்று எல்லோரும் சொன்னதுதான், இப்போது மெஷினும் சொல்லிவிட்டது.

அந்த டாக்டர் அதை ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. உங்களுக்கு சுகர் வேறு இருக்கிறது, ரத்தமும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். ரத்தத்தில் ஈரல் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று கூடியிருந்தது. உடனே மாட்டுங்காவில் ஈரலுக்கென்றே இருக்கிற பெரிய டாக்டரிடம் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக்கொடுத்தார். ஈரல் டாக்டர் என்றதும்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். எனக்கு ஒரு அக்கா இருந்தாள். தாராவியில் நாங்கள் எல்லோரும் ஒரே சந்தில் இருந்த காலம். அவள் ஒரு சொட்டுக் குடித்தவளில்லை, அவள் வீட்டுக்காரரும் குடித்தவரில்லை. நன்றாகச் சாப்பிடுவாள், கனத்த உடம்பு, அவளுக்கும் சுகர். முதலில் காலில் நீர் கோத்தது. பிறகு வயிறு பெருத்தது. எல்லோரும் வாயு என்றார்கள், குடல் புண் என்றார்கள். ஒருநாள் ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, ஈரல் கல்லாகிவிட்டது, இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்கள். எங்கே இருந்தோம்? அங்கேயேதான் இருந்தோம். யாருக்கும் தெரியவில்லை. அவள் போய்விட்டாள். அதனால் ஈரல் என்று யாராவது சொன்னால் எனக்கு மூன்றாம் மாடிக்காரிக்குத் தோன்றுவது தோன்றாது. என் அக்காவின் வயிறு தோன்றும்.

சரி, மாட்டுங்கா. அந்த டாக்டர் ஒரு அம்மாள். அவர்கள் குடும்பம் அங்கேயே தலைமுறையாக இருக்கிறவர்களாம். நெற்றியில் சின்னதாகப் பொட்டு, காலில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற மாதிரி ஷூ. நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"பாட்டி, குடிக்கற பழக்கம் உண்டா?"

என் மகன் கூனிக் குறுகிப்போனான். "டாக்டர், எங்க அம்மா..." என்று இழுத்தான்.

"எல்லாரையும் கேக்கறதுதான். நேத்திக்கு ஒரு வேதம் படிச்ச மாமாவக் கேட்டேன். ஆமான்னார்!"

எனக்கு அப்போதே அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. குடி இல்லை என்றேன். நாட்டு மருந்து, லேகியம், உடம்பு இளைக்கிற பொடி ஏதாவது சாப்பிடுகிறேனா என்று கேட்டார்கள். சுக்குக் கஷாயம் என்றேன். அது இருக்கட்டும் என்றார்கள். மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பவும் ரத்தம் எடுத்தார்கள். அது இல்லை. பிறகு என் வயசு, ரத்தத்தில் வந்த இரண்டு மூன்று எண்கள், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு கணக்குப் பார்த்தார்கள்.

"உங்க கணக்கு வாசப்படியில நிக்கறது பாட்டி. உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. வயசானா அந்தக் கணக்கு தானாவே கொஞ்சம் ஏத்திக் காட்டும், அதையும் பாக்கணும்."

"எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்கம்மா."

"லிவர்ல கொழுப்பு இருக்கறது ஒண்ணு. வெளியில உக்காந்திருக்காளே, அவா எல்லாருக்கும் அது இருக்கு. அந்தக் கொழுப்பு நாள்பட்டு, அங்க தழும்பு விழுந்து லிவர் இறுகிண்டு வரதா, இல்லையா, அது இன்னொண்ணு. எனக்கு அதுதான் தெரியணும். கொஞ்சமா இறுகியிருந்தா திருப்பிடலாம். ரொம்ப இறுகிட்டா கஷ்டம்."

அக்காவுக்குக் கல்லாகிவிட்டது என்று அன்றைக்குச் சொன்னது இதைத்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது. இத்தனை வருஷம் கழித்து ஒரு ஆள் எனக்கு விளங்கும்படி சொல்லியிருக்கிறார். நான் அக்கா கதையைச் சொன்னேன். டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்கள். சொந்த அக்காவா என்று கேட்டு எழுதியும் கொண்டார்கள். பிறகு, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்க ஒரு ஸ்கேன் இருக்கிறது, வலிக்காது, வெறும் வயிற்றோடு வரவேண்டும், அவ்வளவுதான் என்றார்கள்.

அந்த ஸ்கேனுக்குக் கிடைத்த நாள் சங்கடஹர சதுர்த்தி. மத்தியானத்துக்கு மேல்தான் வரச் சொன்னார்கள். எனக்கு நிம்மதி, அன்றைக்கு எப்படியும் விரதம். நீ திருநெல்வேலிப் பக்கம்தானே, உனக்குத் தெரியும், நம் ஊரில் விரதம் என்றால் ராத்திரி நிலா பார்க்கிறவரைக்கும் பச்சைத் தண்ணீர்தான். நானும் தாராவியில் இருந்தவரை அப்படித்தான் இருந்தேன், சாயங்காலம் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். இந்தக் கட்டடத்துக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டு மராத்தி அக்கா எனக்கு வேறு வழி காட்டிவிட்டாள். இவர்கள் விரதத்தில் அரிசி, கோதுமை ஆகாது. ஆனால் ஜவ்வரிசி ஆகும். வேர்க்கடலை ஆகும், உருளைக்கிழங்கு ஆகும், நெய் ஆகும், தயிர் ஆகும். எனக்கு இந்த விரதம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிள்ளையாரும் இந்த ஊரில் ரொம்பக் காலமாக இருக்கிறவர், அவருக்கும் இது பழகித்தானே இருக்கும்.

அன்றைக்கும் அவள் மத்தியானம் ஜவ்வரிசிக் கிச்சடி கொண்டுவந்தாள். வேர்க்கடலையை வறுத்துப் பொடித்துப் போட்டு, பச்சை மிளகாய், சீரகம், எலுமிச்சை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் சோர்ந்து போகக் கூடாது என்று ஒரு கரண்டி கூடவே வைத்தாள். மேலே கெட்டித் தயிர். சாப்பிட்டுவிட்டு முகம் கழுவி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டேன். மகன் வாஷி ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, ஆட்டோவோடு கீழே நின்றான்.

"எம்மா, ஒண்ணும் சாப்பிடலல்லா?"

"இன்னைக்கு விரதம்லாலே."

"நல்லதாப் போச்சு, ஏறு."

ஸ்கேன் எடுத்தது ஒரு மலையாளத்துப் பெண். சின்னப் பெண், கலகலப்பானவள். என்னைப் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"அம்மா, ஒண்ணும் சாப்பிட்டில்லல்லோ?"

"விரதம்மா இன்னைக்கு."

"ஐயோ, பாவம்! வேகம் முடிச்சுத் தராம்."

விலாவில் ஜில்லென்று எதையோ தடவி, ஒரு குழாயை வைத்து அழுத்தினாள். டொக் டொக் என்று உள்ளே சுண்டியது. சின்னப் பிள்ளைகள் விரலால் சுண்டுவார்களே, அதே மாதிரி. எனக்குக் கூச்சமாக இருந்தது, சிரித்தேன். சிரிக்காதீங்க அம்மா, அளவு மாறிப்போகும் என்றாள். அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்து மகனிடம், இதற்கா பயந்தோம், இன்னும் ரெண்டு தட்டுத் தட்டியிருந்தால் தூங்கியிருப்பேன் என்றேன்.

ரிசல்ட் பார்க்கப் போனபோது டாக்டர் அம்மாவின் முகம் முன்னே மாதிரி இல்லை. அந்தத் தாளைப் பார்த்தார்கள், பழைய தாளைப் பார்த்தார்கள், திரும்ப அந்தத் தாளைப் பார்த்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஒரு ஆள் தாளை எப்படிப் பார்க்கிறார் என்பது தெரியும்.

"இறுக்கம் ஜாஸ்தியா காட்டறது பாட்டி. ஆனா நேக்கு மனசு ஒப்பல. இவ்வளவு இறுகியிருந்தா ரத்தத்துல பிளேட்லெட் அணு குறைஞ்சிருக்கணும். குறையல. சோனோவிலயும் ஏதாவது தெரிஞ்சிருக்கணும். தெரியல. ஒண்ணு ஒரு மாதிரி சொல்றது, இன்னொண்ணு வேற மாதிரி சொல்றது. ரெண்டும் ஒத்துப்போயிருந்தா நான் பயாப்ஸியப் பத்திப் பேசியிருக்கவே மாட்டேன்."

பயாப்ஸி என்றால் புற்றுநோய்க்குத்தானே எடுப்பார்கள் என்று மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதற்கில்லை என்று பொறுமையாகச் சொன்னார்கள். விலா எலும்புக்கு நடுவே மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியை உள்ளே விட்டு, நூல் மாதிரி ஒரு துணுக்கு ஈரலை எடுப்பார்களாம். அதைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தால் தழும்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். வலி இருக்கும். எப்போதாவது சிலருக்கு ரத்தம் கசியும், அதனால் அன்றைக்கு முழுக்கப் படுக்கவைத்துப் பார்ப்பார்கள். அவசரமில்லை, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

வீட்டில் பேசினோம். பேசினோம் என்றா சொல்கிறேன், சண்டை போட்டோம். நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன், புருஷனும் பெண்டாட்டியும் எனக்குப் பின்னால் நின்று என் ஈரலுக்காகச் சண்டை போடுகிறார்கள்.

"எடுத்துருவோம். எடுத்துட்டா தெரிஞ்சுரும். தெரியாம எத்தனை நாளு இருக்க?" இது மகன்.

"எடுத்து என்ன மாறும்? அதக் கேட்டீங்களா? இப்பவும் எடை குறைக்கணும், சுகரக் கட்டுக்குள்ள வைக்கணும். ஊசி போட்டுப் பாத்தாலும் அதத்தான சொல்லுவாவ?" இது மருமகள். அவள் ஸ்கூல் ஆபீஸில் வேலை பார்க்கிறாள், எதையும் விட மாட்டாள்.

"ரொம்ப இறுகியிருந்தா ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும்னு சொன்னாவல்லா? தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணும்னு சொன்னாவல்லா? அது மாறுமே."

"அத்தைக்கு இந்த வயசுல ரத்தம் கசிஞ்சா?"

"எப்பவாவதுதான்னு சொன்னாவ."

"உங்களுக்குன்னா எப்பவாவதுன்னு போய்ப் படுப்பீங்களா? பல்லு பிடுங்க வருசம் பூராத் தள்ளிப்போட்ட ஆளு."

பல் விஷயம் உண்மைதான். கன்னம் வீங்கி பன் ரொட்டி மாதிரி ஆன பிறகுதான் போனான். அதை விடு. எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. மருமகள் பயந்து சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறாள். மகனுக்குப் பெரியம்மாவின் நினைப்பு. சின்னப் பையனாக அவன் அவள் மடியிலேயே கிடந்தவன்.

நான் தோசைக் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஊசி எனக்குத்தான். நான் குத்திக்கிடுதேன்."

"அத்தே, யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா?"

"யோசிச்சாச்சு. எங்க அக்கா ஈரலு உள்ளுக்குள்ள கல்லாயிட்டு வந்துருக்கு, நாங்க அவளுக்குப் பெருங்காயத் தண்ணி கரைச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தோம். எனக்கு என்னன்னு தெரிஞ்சுட்டுப் போட்டும். கல்லாயிருந்தா கல்லு. அதுக்கு மேல என்ன செய்யன்னு அந்த டாக்டரம்மா சொல்லுவாவ."

மருமகள் அடுப்புப் பக்கம் வந்தாள். தோசையை அவளே திருப்பிப் போட்டாள், கொஞ்சம் கருகியிருந்தது. அவளே அதைச் சாப்பிட்டும் விட்டாள்.

நாள் குறிக்க மூன்று பேருமாகப் போனோம். டாக்டர் அம்மாவும், சரி, நல்லது, செய்துவிடலாம் என்று என்னென்ன செய்யவேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்கள். ரத்தம் உறையும் நேரம் பார்க்கவேண்டும். சுகர் மாத்திரையைக் காலையில் போடக் கூடாது. ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது இருந்தால் முன்னாடியே நிறுத்தவேண்டும். கடைசியாக, அன்றைக்குக் காலையிலிருந்து வெறும் வயிறு, பாட்டியால் தாங்க முடியுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

அந்த அம்மாளுக்கு எதற்குக் கவலை என்று நான் தைரியம் சொன்னேன்.

"அதெல்லாம் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லம்மா. ஸ்கேன் அன்னைக்கும் விரதம்தான். ஒரு கிண்ணம் கிச்சடியச் சாப்பிட்டுட்டு வந்து ஜம்முன்னு படுத்துக்கிடலியா?"

டாக்டர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன சாப்ட்டேள்?"

"ஜவ்வரிசிக் கிச்சடி. அரிசி இல்லம்மா! ஜவ்வரிசிதான்."

"எப்போ?"

"கிளம்புததுக்கு முன்னாடி. சூடா இருந்துச்சு."

"கடலை போட்டு?"

"போடாம? நெய்யில வதக்கி, மேல தயிரு விட்டு..."

நான் சொல்லச் சொல்ல அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். முதலில் கோபம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் தோள் குலுங்குகிறது. சிரிக்கிறார்கள்! கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் திட்டினார்கள்.

"பாட்டி, வயித்துல சாப்பாடு விழுந்தா லிவருக்கு ரத்தம் ஜாஸ்தி பாயும். அப்போ அது புஸ்ஸுனு இருக்கும், மெஷின் இறுக்கம்னு காட்டும். அதுக்குத்தானே வெறும் வயிறுன்னு சொன்னேன்! நாலு ஆள் சாப்பாட்ட உள்ள தள்ளிண்டு வந்து, விரதம்னு சொல்லியிருக்கேளே!"

"பொய் சொல்லலம்மா. விரதம்தான்."

"தெரியறது. எங்காத்துல வேலை செய்யற அம்மாவும் இதே விரதம்தான். எங்களையெல்லாம்விட நன்னா சாப்பிடுவா அன்னிக்கு."

மருமகள் மகன் பக்கம் திரும்பினாள். அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனால் அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்டது. "உங்கம்மா விரதத்துல என்ன சாப்பிடுதாவன்னு இத்தன வருசத்துல ஒருநாளும் பாத்ததே இல்லையா நீங்க?"

"விரதம்னா விரதம்னுதான நினைச்சேன்," என்றான். பாவம், வேறு என்ன சொல்லுவான்.

டாக்டர் அம்மா ஊசிக்கு நாள் குறிக்கவில்லை. கிச்சடி ஒன்றினால் மட்டும்தான் அளவு ஏறியது என்று இப்போதே சொல்ல முடியாது, நான் சிரித்ததும் அசைந்ததும்கூட இருக்கலாம், நிஜமாகவே இறுகியும் இருக்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். ஆனால் சரியாக எடுக்காத ஸ்கேனை நம்பி ஒரு ஆள் உடம்பில் ஊசி குத்தக் கூடாது, முதலில் ஸ்கேனைத் திரும்ப எடுக்கலாம், அப்போதும் ஏறியே இருந்தால் ஊசி என்றார்கள்.

இரண்டாவது ஸ்கேன் அன்று காலையில் என் வீட்டில் நடந்த காவலைப் பார்த்திருக்கவேண்டும் நீ. மருமகள் லீவு போட்டுவிட்டாள். அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். டீ கிடையாது. மோர் கிடையாது. நான் வாய் கொப்பளித்தால்கூட என்ன முழுங்குகிறேன் என்று பார்க்கிறாள். பக்கத்து வீட்டு மராத்தி அக்காவுக்கு விஷயத்தைச் சொன்னபோது, அரே தேவா, என் கிச்சடியாலா என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உன் கிச்சடி மேல் குற்றமில்லை, அது அவ்வளவு நன்றாக இருந்ததுதான் குற்றம் என்று நான்தான் தேற்றினேன்.

அதே மலையாளத்துப் பெண்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இன்னைக்கு விரதமோ, பட்டினியோ?"

"பட்டினிம்மா. சத்தியமா பட்டினி. இந்தா நிக்குதாளே என் மருமக, அவளக் கேளு."

"தண்ணி மட்டும் கொஞ்சம் குடிச்சாவ, அதுவும் காலையில," என்று மருமகள் போலீஸ்காரி மாதிரி சாட்சி சொன்னாள்.

படுத்தேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. டொக் டொக் என்று சுண்டுகிறபோதெல்லாம் உள்ளே கல்லில் படுகிற மாதிரி இருக்கிறதா, சதையில் படுகிற மாதிரி இருக்கிறதா என்று நானே உற்றுக் கவனித்துக்கொண்டு கிடந்தேன். நமக்கு எங்கே தெரியப் போகிறது. கூரையில் ஒரு இடத்தில் ஈரம் கசிந்து கறை பிடித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, பிள்ளையாரே, ஜவ்வரிசியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

டாக்டர் அம்மா தாளைப் பார்த்தார்கள். இந்தத் தடவை ஒரே ஒரு தரம்தான் பார்த்தார்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நன்னா இறங்கியிருக்கு பாட்டி. கொஞ்சம் இறுக்கம் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா பயப்படற அளவு இல்ல. ரத்தக் கணக்கு, சோனோ, இது, மூணும் இப்போ ஒரே பேச்சு பேசறது. ஊசி இப்போ வேண்டாம்."

மகன் விடவில்லை. "இப்போ வேண்டாம்னா? பின்னால வேணுமா டாக்டர்? உறுதியா எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் இதே மாதிரி பாப்போம். ஏறிண்டே போனாலோ, ஒண்ணுக்கொண்ணு மறுபடி சண்டை போட்டாலோ, அப்போ ஊசியப் பத்திப் பேசலாம். உறுதி வேணும்னு சொல்றேளே, அந்த ஊசிகூட ஒரு துணுக்குதான் எடுக்கும். லிவர் இவ்வளவு பெரிசு. அதுவும் முழுசாச் சொல்லிடாது."

அவன் தலையாட்டினான். ஆனால் வெளியே வந்து ஆட்டோவில் ஏறுகிறவரைக்கும் அவன் முகம் தெளியவில்லை. அவனுக்கு ஒரே அடியாக ஆமாம் என்றோ இல்லை என்றோ யாராவது சொல்லவேண்டும். நான் அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினேன். ஏலே, கல்லாகவில்லை என்று சொல்லிவிட்டார்களல்லவா, அது போதாதா என்றேன். பெரியம்மாவுக்கு இந்த மெஷின் அப்போது இருந்திருந்தால் என்று தொடங்கினான். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் ரொம்ப நேரம் நின்றோம். பிறகு மருமகள், பசிக்கிறதா அத்தே என்று கேட்டாள். பசிக்கிறதாவா! இறங்கி ஆளுக்கொரு மசால் தோசை சாப்பிட்டோம். அன்றைக்கு மட்டும் அவள் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் ஊசி வேண்டாம் என்றால் சும்மா விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதே. எடையைக் குறைத்தால் ஈரலில் இருக்கிற கொழுப்பு கரையும், அந்தக் கொஞ்ச இறுக்கமும் தளரலாம், மருந்தைவிட அதுதான் பெரிசு என்று டாக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் இப்போது எனக்கு ராத்திரி சோறு கிடையாது. காலையும் மாலையும் தோட்டத்தைச் சுற்றி நடக்கவேண்டும். நடக்கிறேன். நடந்தால்தான் ஊர்க்கதை எல்லாம் காதில் விழுகிறது, மூன்றாம் மாடிக்காரி சொன்னதுகூட அப்படித்தான் தெரிந்தது. போன மாதம் பார்த்தபோது எடை கொஞ்சம் இறங்கியிருந்தது. பாவாடை நாடாவை இழுத்துக் கட்டவேண்டியிருக்கிறது. மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

மராத்தி அக்காவும் இப்போது ரொம்ப ஜாக்கிரதை. சதுர்த்திக்குக் கிச்சடி கொண்டுவந்தால் கிண்ணத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு, இன்று ஸ்கேன் ஒன்றும் இல்லையே என்று கேட்டுவிட்டுத்தான் நீட்டுகிறாள். அளவும் பாதியாகிவிட்டது, தயிரும் இல்லை. அதில்தான் எனக்கு வருத்தம். அதற்குப் பதிலாக ராத்திரிக்குச் சோள ரொட்டி தட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் கையால் தட்டினால் நிலா மாதிரி வருகிறது. நான் தட்டினால் மகன் அதைப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர் மேப் எம்மா என்று கேட்கிறான். கேட்டுவிட்டு நாலு ரொட்டி தின்கிறான், அவனுக்கும் தொப்பை விழுந்திருக்கிறது. அடுத்த தடவை அவனையும் அந்த மெஷினுக்கு அடியில் படுக்கவைக்கவேண்டும் என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் ஏற்கெனவே நாள் கேட்டு வைத்து...

மணி என்ன ஆகிறது? ஐயோ, சோளத்தைக் காலையிலேயே அரைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன், மாவு மில்காரன் மத்தியானம் ஷட்டரை இழுத்துவிட்டால் சாயங்காலம்தான் திறப்பான். அந்தப் பையை எடு. இந்தக் கீரையை அடுக்களையில் வைத்துவிட்டு, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ, நான் படியிலேயே இறங்குகிறேன், லிஃப்ட் வர நேரமாகும்.